லாக் ஸ்கிரிப்டில் ஒரு புள்ளி

ஆசிரியருக்கு வணக்கம். பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றுமதிக் கூடங்களில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வோர் கவனத்துக்கு: சர்வரின் பதிவுச் செய்திகளை (லாக்) கையாளும் ஆர்சிஸ்லாக் மென்பொருளின் ஸ்கிரிப்டில், மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) முன்னொட்டுதான் அது எதுவரை செல்லும் என்ற எல்லையைத் தீர்மானிக்கும். ‘$.’ என்று வைத்தால் அந்த ஒரு செய்தியோடு போச்சு. ‘$!’ செய்தியின் ஜேசான் மரத்தில், அதாவது பெயர்-மதிப்பு ஜோடிகளாகக் கிளைத்திருக்கும் தரவில், சேரும். ‘$/’ எல்லாச் செய்திகளுக்கும் பொது. குளிர்பதன அறை எச்சரிக்கை எத்தனை முறை வந்தது என்று எண்ண ‘$.’ போட்டால், எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவே தாண்டாது, ‘$/’ வேண்டும்.

மாறியின் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. பெயருக்குள் இணைகோடு செல்லும் என்பதால், கழித்தல் குறிக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள். ஒட்டி எழுதினால் முழுவதையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். மாறிக்கு மதிப்பு கொடுக்கும் ‘செட்’ (set) வரி முடிவில் அரைப்புள்ளி (;) கட்டாயம். அதை விட்டுவிட்டு நெட்வொர்க்கைத் திட்டுவோர்தான் அதிகம்! மறுதொடக்கத்துக்கு முன் ‘ஆர்சிஸ்லாக்டி -என்1’ (rsyslogd -N1) என்ற சோதனைக் கட்டளை கொடுத்தால் பிழையுள்ள வரி எண்ணையே காட்டிவிடும்.

– வாசகர், இராமநாதபுரம்