கேசட்டின் கடைசி நாலு நிமிஷம்

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் சின்னவளும் நலம். அங்கே அம்மா, நீ, மதினி, பிள்ளைகள் எல்லாரும் நலமா? வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவாய். அதனால்தான் தாள். கூடவே ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். படித்து முடித்த பிறகு போடு, முதலிலேயே போட்டுவிடாதே.

இன்று வெளியே மைனஸ் 12. ரோட்டில் பனி உறையாமலிருக்க லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு காரின் அடித்தகட்டை அரித்துத் தின்றுவிடுகிறது. கார் செய்கிற ஊரிலேயே காருக்கு இந்தக் கதி. நான் வேலை பார்ப்பது சீட் செய்கிற இடம் என்று உனக்குத் தெரியும். தையல் விட்டிருக்கிறதா, நுரை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, துணைக்கு ரேடியோ.

வந்த முதல் குளிர்காலத்தில் நடந்தது இது. பழைய பாட்டு ஸ்டேஷனில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நான் காதில் வாங்கவில்லை. திடீரென்று பாட்டு நின்றுவிட்டது. ஹீட்டர் ஏற்கனவே மக்கர், இப்போது ரேடியோவும் போச்சா என்று பொத்தானைத் தட்டக் கையை நீட்டினேன். அதற்குள் ஒரு ஆள் 'பெர்னடெட்!' என்று கத்தினான் பார், கை அப்படியே நின்றுவிட்டது. ஆளைத் தொலைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அந்தக் கத்தல். உடனே மொத்த வாத்தியமும் திரும்ப வந்து விழுந்தது. அது ரிப்பேர் இல்லை, பாட்டே அப்படித்தான். 1967இல் வந்த பாட்டு. பாடியவர்கள் ஃபோர் டாப்ஸ் என்ற நால்வர் குழு, கத்தியவர் அதில் ஒருவரான லீவை ஸ்டப்ஸ். எல்லாரும் இதே டெட்ராய்ட் ஊர்க்காரர்கள்.

மறுநாள் வேலையிடத்தில் இதைச் சொன்னேன். ஷிப்பிங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். நான் கொடுத்த நம்ம ஊர்க் கடலை மிட்டாயைப் பல்லுக்குப் பயந்து பயந்து கடித்துக்கொண்டே கேட்டார். "ரேடியோக்காரன் அவர்களுடைய மூன்று பாட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் போடுவான். அவர்கள் பாடினது அந்த மூன்று மட்டும் இல்லை" என்றார். அடுத்த வாரம் ஒரு அட்டைப் பையில் நாலு ரெக்கார்டு கொண்டுவந்து கொடுத்தார். திரும்பக் கொடுக்கவேண்டும், ஆனால் அவசரமில்லை என்றார். ரெக்கார்டு பிளேயருக்கு நான் ஒரு பழைய சாமான் கடையில் 25 டாலர் அழுதேன்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நீ கேசட் பதிந்து கொடுத்த கடை ஞாபகம் வந்துவிட்டது அண்ணே. பாட்டு லிஸ்ட் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாச் சீட்டிலும் அதே இருபது பாட்டு. நீ சலித்துக்கொண்டே பதிவாய். பி பக்கம் முடிகிற இடத்தில் நாலு நிமிஷம் மிஞ்சினால் மட்டும் உன் முகம் மாறும். அந்த இடத்தில் யாரும் கேட்காத ஒரு பாட்டை நீயே போட்டு நிரப்புவாய். அட்டையில் அதன் பேரை எழுதக்கூட மாட்டாய். ஒரு தடவை ஒரு டீச்சர் திரும்பி வந்து, கடைசியில் இருக்கிறது என்ன பாட்டு என்று கேட்டபோது நீ பட்ட சந்தோஷத்தை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதிரிப் பாட்டுகள்தான் இந்த பென்டிரைவில் இருக்கின்றன.

முதலில் 'ஆஸ்க் தி லோன்லி'. 1965. இங்கே வாராவாரம் பாட்டுகளுக்குத் தரவரிசை போடுவார்கள். அதில் 24ஆம் இடத்தோடு இது நின்றுவிட்டது. அதே வருஷம் இவர்களின் இன்னொரு பாட்டு முதலிடத்துக்குப் போக, ரேடியோக்காரர்களுக்கு அது போதும் என்றாகிவிட்டது. நீ இதை ராத்திரி, ஹெட்போனில் கேள். காதல் கைவிட்டுப் போனால் எப்படி வலிக்கும் என்று தெரியவேண்டுமா, தனியாக இருக்கிறவனிடம் போய்க் கேள் என்பதுதான் விஷயம். அந்தத் தலைப்பு வார்த்தைகளுக்கு லீவை ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரு தடவை புத்தி சொல்கிற மாதிரி, ஒரு தடவை கெஞ்சுகிற மாதிரி, கடைசியில் அவரிடமே யாரோ கேட்டுவிட்ட மாதிரி. மூன்று நிமிஷம்கூட இல்லை. நீ என்றால் 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாட்டு அடைத்திருப்பாய்.

அந்தக் குரலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லீவைக்குக் கனத்த குரல், பாரிட்டோன் என்கிறார்கள். இவர்களுக்கு நிறையப் பாட்டு எழுதித் தயாரித்தவர்கள் ஹாலண்ட், டோஜியர், ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி. அவர்கள் வேண்டுமென்றே சுருதியை ஏற்றி வைப்பார்களாம். இரண்டு கட்டையில் சுகமாகப் பாடுகிறவரை நாலு கட்டைக்குத் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும், குரல் எட்டிப் பிடிக்கப் பார்க்கும், நரம்பு தெரியும். அந்தப் பதைப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் சந்தோஷமான பாட்டில்கூட அவர் எதையோ இழந்துவிட்டவர் போலக் கேட்கிறது.

இரண்டாவது, 'லவ்விங் யூ இஸ் ஸ்வீட்டர் தேன் எவர்'. 1966. இது 45ஐத் தாண்டவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எழுதியவர்களில் ஒருவர் ஸ்டீவி வொண்டர், பாட்டு வந்த வருஷம்தான் அவருக்கு 16 வயது ஆனது. காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது இதைப் போடுவேன். சின்னவள் கரண்டியால் தாளம் போடுகிறாள். மதினிக்கும் பிடிக்கும்.

மூன்றாவதுதான் என் செல்லம். 'ஐ'ல் டர்ன் டு ஸ்டோன்'. இது 1967இல் வந்த 'செவன் ரூம்ஸ் ஆஃப் க்ளூம்' ரெக்கார்டின் பின்பக்கம். முன்பக்கத்துப் பாட்டு இருட்டு வீடும் ஏழு அறையுமாக மிரட்டுகிறது. திருப்பிப் போட்டால் இது. நீ போனால் நான் கல்லாகிவிடுவேன் என்று சொல்கிறவர்கள் ஆடிக்கொண்டே சொல்கிறார்கள். அகலிகைக்குக்கூட இவ்வளவு துள்ளலாய் ஒரு பாட்டு அமையவில்லை. பின்பக்கம்தானே என்று யாரும் ஏனோதானோவென்று செய்யவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். பேஸ் கிடாரைத் தனியாகக் கவனி. இவர்களின் ரெக்கார்டு கம்பெனியான மோடவுனில் அதை வாசித்தவர்களில் ஜேம்ஸ் ஜேமர்சன்தான் ராஜா, ஒற்றை விரலால் மீட்டுவார் என்கிறார்கள். அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் அவர் பேர் போடுவதில்லை.

பேர் போடாத இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். உயரத்தில் பெண் குரல்கள் கேட்கும். நாலு ஆண்கள் இருக்கிற குழுவில் இது யாருடையது? ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பேரோ, லூவைன் டெம்ப்ஸ் என்ற மூன்று பெண்கள். ஆண்டான்டீஸ் என்று பேர். கூடப் பாடுவதுதான் அவர்களுக்கு வேலை, இவர்களின் பெரும்பாலான பாட்டில் இருக்கிறார்கள். நம்ம ஊர் கேசட் அட்டையிலாவது 'மற்றும் குழுவினர்' என்று ஒரு வரி இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

போன கோடையில் இவர்கள் பாடிப் பதிந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண மாடி வீடு. வாசலில் 'ஹிட்ஸ்வில் யூ.எஸ்.ஏ.' என்று எழுதியிருக்கிறது. பெரிய ஸ்டுடியோவாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் வாயடைத்துவிட்டேன். பெரி கோர்டி என்பவர் குடும்பத்தில் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய மோடவுன் கம்பெனி அது. அதற்கு முன்னால் அவர் கார் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர், வெறும் ஃபிரேமாக உள்ளே போய்ப் புதுக் காராக வெளியே வருகிற அந்த முறையிலேயே பாடகர்களையும் உருவாக்கலாம் என்று யோசித்தவர். சீட் சோதிக்கிற எனக்கு அது சட்டென்று விளங்கியது. கண்ட்ரோல் அறையில் தரை தேய்ந்து கிடக்கிறது. தயாரிப்பாளர்கள் காலால் தாளம் போட்டே தேய்த்தது என்று காட்டினார்கள். மேலே கூரையில் ஒரு ஓட்டை. அதன் அடியில் நின்று கைதட்டச் சொன்னார்கள். தட்டினால் ஓசை மேலே அட்டத்தில் போய் உருண்டு திரும்பி வருகிறது. பாட்டில் வரும் எக்கோ எல்லாம் அந்த ஓட்டைதான்! நீ கடைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டியபோது அப்பா திட்டியது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

இன்னொன்று கேள். இவர்கள் மோடவுனில் சேர்ந்தது 1963இல். சேர்ந்ததும் முதலில் ஒரு ஜாஸ் ஆல்பம் பாடிக்கொடுத்தார்கள், 'பிரேக்கிங் த்ரூ' என்று. கம்பெனி அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. வெளியே வந்தது 1999இல்! அதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்த நால்வரில் லாரன்ஸ் பேட்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். குழுவின் ஒத்திசையைப் பின்னித் தந்தவர் அவர்தான். உன் பரணில் இருக்கிற, பணம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வராமலே போனவர்களின் கேசட் பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஆல்பத்திலிருந்தும் ஒன்று போட்டிருக்கிறேன்.

'ஸ்டில் வாட்டர்' 1970இல் ஓரளவு ஓடிய பாட்டுதான், இப்போதுதான் யாரும் போடுவதில்லை. கத்திக் கத்திப் பேர் வாங்கிய லீவை இதில் குரலையே உயர்த்தவில்லை. ஆழமான தண்ணீர் சலசலக்காது என்பதைப் பாடுகிறவர் வேறு எப்படிப் பாடுவார். அம்மா தூங்கும்போதுகூட வைக்கலாம்.

பென்டிரைவில் இல்லாத பாட்டு ஒன்றும் இருக்கிறது. நால்வரில் ஓபி பென்சன் 1969இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் போலீஸ் இளைஞர்களை அடிப்பதைப் பார்த்து, என்ன நடக்கிறது இங்கே என்று மனம் குமைந்து ஒரு பாட்டைத் தொடங்கினார். போராட்டப் பாட்டெல்லாம் நமக்கு வேண்டாம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். அது மார்வின் கே என்ற பாடகரிடம் போய் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆகி உலகமே பாடியது. வேண்டாம் என்று சொன்னவர்களோடுதான் ஓபி கடைசிவரை மேடை ஏறினார். நானாக இருந்தால் ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்.

நாலு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். 1950களில் சேர்ந்தவர்கள் லாரன்ஸ் சாகும்வரை ஆள் மாறவே இல்லை. லீவையின் பேரை முன்னால் தனியாகப் போடலாம் என்று வந்தபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1972இல் கம்பெனி கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது, இவர்கள் போகவில்லை. வேறு கம்பெனிக்குப் பாடிக்கொண்டு இந்தக் குளிரிலேயே இருந்துவிட்டார்கள்.

கடைசியாக இருந்தவர் ட்யூக் ஃபகீர். போன ஜூலையில் 88 வயதில் காலமானார். பேரைப் பார்த்தாயா, ஃபகீர். அப்பா இப்போதைய வங்கதேசத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அந்தச் செய்தி வந்த அன்று பெரியவர் மத்தியானச் சாப்பாட்டின்போது ஃபோர்க்லிஃப்டிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ட்யூக்கின் அப்பா எங்கள் பக்கத்து ஆள் என்றேன். வங்கத்துக்கும் கோவில்பட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று நீ கேட்பாய். அவர் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

சரி, வீட்டு விஷயம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். சொட்டு மருந்து மதினி கையால் மட்டும் போடட்டும், அம்மா தானாகப் போட்டால் பாதி கன்னத்தில் போகும். சுகர் எவ்வளவு என்று எழுது. சின்னவளுக்கு அடுத்த தடவை கடலை மிட்டாய் அனுப்பும்போது கூட ரெண்டு பாக்கெட் வை, பெரியவருக்கு.

அப்புறம் ஒன்று. பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? அதில் நீல மூடி போட்ட கேசட் ஒன்று இருக்கும், மேலே உன் எழுத்தில் 'டீச்சர் 2' என்று எழுதியிருப்பாய். பூஞ்சை பிடித்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றிவிட்டுப் போடு, நாடா அறுந்துவிடப் போகிறது. பி பக்கம், கடைசிப் பாட்டு. மெட்டு இன்னும் வாயில் வருகிறது, வரி ஒன்றும் வரவில்லை. ஃபோனில் பதிந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கை