என்னை மாணவியாகவே வைத்திருந்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

படிப்பைத் தொடரலாம் என்ற கடிதம் நேற்று வந்துவிட்டது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை.

பணம் புரட்டித் தந்தவர்கள், படிவங்களோடு என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தவர்கள், விடுதியில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தவர்கள், எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுத்த தோழிகள், எனக்குத் தெரியாமலேயே எனக்காகப் பரிந்து பேசியவர்கள் என எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுவேன். இந்த மடலில் மட்டும் ஒருவருக்குக் கூடுதலாக இடம் கொடுக்க அனுமதியுங்கள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் துறைக்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் வளர்ச்சிப் பொருளாதார நிபுணர். வியாழக்கிழமைதோறும் எங்களில் சிலரை உட்காரவைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிரித்து மேய்வார். விஷயம் வெளியே தெரிந்த அன்று, விடுதி வாசலில் எனக்கென்று ஓர் உறை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என் மடிக்கணினி போய்விட்டது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கட்டுரை முழுவதையும் அச்செடுத்திருந்தார். மேலே ஒரு துண்டுச்சீட்டு: "கேள்விப்பட்டேன்மா. வியாழக்கிழமைக்குள்ள இதைப் படிச்சிட்டு வா."

அவ்வளவுதான். எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவருக்குப் பாடமா? ஆனாலும் படித்தேன். தூக்கம் வராத ராத்திரியில் வேறு என்ன செய்வது?

இலங்கையில் 2005-இல் தொடங்கிய கள ஆய்வு அது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் எழுதி 2008-இல் வெளியானது. மிகச் சிறிய தொழில் செய்பவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 ரூபாயைப் பணமாகவோ பொருளாகவோ சும்மாவே கொடுத்து, லாபம் எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். சராசரியாக, போட்ட முதலுக்கு மாதம் ஏறத்தாழ 5 சதவீதம் வருமானம் வந்தது. சந்தை வட்டியைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அந்த லாபம் ஆண்களின் தொழில்களில் வந்தது. பெண்களின் தொழில்களில் சராசரியாக ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். மேடம் என் பக்கம் திரும்பி, "அந்தப் பணம் எங்கேம்மா போச்சு? காத்துல கரைஞ்சிடாது. தேடு" என்றார்.

அந்த நாட்களில் எல்லோரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்டீர்கள். அன்பில்தான் கேட்டீர்கள், ஆனால் பதில் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்திருந்தேன். என் தலைக்குள் வேறு ஒன்றும் ஓட முடியும் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

தேடினேன், நூலகத்துக் கணினியில். 2019-இல் பெர்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே, ரிகோல் என்ற நால்வர் இந்தத் தரவையும், இந்தியா, கானா ஆய்வுகளின் தரவையும் சேர்த்து மறுபடி அலசியிருந்தார்கள். கடையைத் தனியாகப் பார்க்காமல் வீட்டை மொத்தமாகப் பார்த்தார்கள். மனைவிக்குக் கிடைத்த பணம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டுக் கணக்கில் பார்த்தால் அந்த ஆண் பெண் வித்தியாசமே இல்லை. வீட்டின் ஒரே தொழில் பெண்ணுடையதாக இருந்தால், அவளுக்கும் ஆணுக்கு நிகரான வருமானம் வந்திருந்தது.

நூலகம் என்பதையும் மறந்து "அட!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைக் கணக்கில் பூஜ்யமாக நின்றவள் வீட்டுக் கணக்கில் முதலீட்டாளர். சரி, அந்தப் பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டது அவள் முடிவா, வேறு வழியில்லாமலா? அதைத்தான் இப்போது என் ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். தொழில்முனைவு என்றதும் மேடையில் கோட்டு போட்டுப் பேசுகிறவர்களே ஞாபகத்துக்கு வந்த எனக்கு, இப்போது அந்தப் பெண்கள்தான் முதலில் வருகிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் உறை வந்தது. கருணை காட்டுகிறேன் என்ற பாவனை ஒரு நாளும் இல்லை. ஒரு வாரம் அரைகுறையாகப் படித்துவிட்டுப் போனதற்குத் திட்டுகூட விழுந்தது. மேடம், அந்தத் திட்டுக்கும் சேர்த்துத்தான் நன்றி.

அடுத்த பருவத்திலிருந்து முதலாண்டு மாணவர்களோடு நானும் இப்படி ஒரு வாசிப்பு நேரம் வைக்கப் போகிறேன். கணினி இல்லாதவர்களுக்கு அச்சுப் பிரதி என் பொறுப்பு.

கைமாற்று தந்தவர்களுக்கு உதவித்தொகை வரத் தொடங்கியதும் மாதாமாதம் திருப்பிவிடுவேன். பெயர் சொல்லாமல் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டியவர் தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நானே தேடுவேன், பணம் போன வழியைத் தேட எனக்கு நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது.