அப்புச்சிக்கு: எட்டிப் பார்த்த பள்ளம்

அன்புள்ள அப்புச்சிக்கு,

போனில் சொன்னால் உங்களுக்குப் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன், தங்கச்சி படித்துக் காட்டுவாள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் என்கிற பெரும் பள்ளத்தைப் பார்க்க ஹெலிகாப்டர் ஏறப்போகிறேன் என்றதும் அம்மிச்சி அழுததாம். 2021 டிசம்பரில் சூலூரில் கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர்ப் பக்கம் விழுந்ததிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டாலே அம்மிச்சி வாசலுக்கு வந்துவிடும். ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது, கை கால் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

ஏறுவதற்கு முன் எல்லோரையும் எடை போட்டார்கள். புளியம்பட்டிச் சந்தையில் ஆட்டுக்கு நடக்கிற மாதிரிதான். ஒரு பக்கம் பாரம் கூடிவிடாமல், எடையைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். வெள்ளைத் துணி கண்ணாடியில் எதிரொளிக்கும் என்று கருப்புச் சட்டை போட்டு வரச் சொன்னார்கள். உங்கள் வேட்டியைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட ஊட்டி உயரம். முதலில் வெறும் பைன் காடு. எங்கள் நிழல் மர உச்சிகளில் தத்தித் தத்திக் கூடவே ஓடி வந்தது. திடீரென்று மரமும் இல்லை, நிழலும் இல்லை. சின்ன வயதில் கோடநாட்டில் மாயாற்றுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தபோது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்களே, அந்தக் கையைத் தேடினேன்.

446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம். இத்தனையையும் அறுத்த கொலராடோ ஆறு மேலிருந்து அரணாக்கயிறு மாதிரி கிடக்கிறது.

ஆனால் ஆழம் தெரியவில்லை, அப்புச்சி. 1986-ல் அங்கே சுற்றுலா ஹெலிகாப்டரும் சிறு விமானமும் மோதி 25 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே சட்டம் வந்தது. இப்போது தேசியப் பூங்காவுக்குள் சுற்றுலா ஹெலிகாப்டர் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. மேற்கே ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் அடிவரை இறக்குகிறார்களாம், நான் அங்கே போகவில்லை. அரை மணி நேரம் சாயத்துணியை விரித்துக் காட்டிவிட்டு இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. காசுதான் கொஞ்சம் வலித்தது.

மறுநாள் நடந்தே ஒரு மணி நேரம் உள்ளே இறங்கினேன். வெளிறிய சுண்ணாம்புக்கல், அப்புறம் மணற்கல், அப்புறம் சிவப்பு அடுக்கு. தொட்டுக்கொண்டே போனேன். நம் கிணற்றுப் படியில் இறக்கி நீங்கள் தொட வைத்தது அப்படியே ஞாபகம் வந்தது: மேலே செம்மண், அப்புறம் சுக்கான், அப்புறம் நொறுங்குகிற கல், எழுபதடியில் கரும்பாறை. வெடிக்குப் போட்ட குழியின் பாதித் தடம் அதில் இருக்கும், அன்றைக்கு என் கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்தியது.

கேன்யனின் அடியில் இருக்கிற கரும்பாறைக்குச் சுமார் 175 கோடி வயது. நம் சத்தியமங்கலம் பக்கத்துப் பாறைக்கு 250 கோடி என்கிறார்கள். கேன்யனின் கரும்பாறையைத் தொட ஒன்றரை கிலோமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். நம் பாறையை நீங்கள் எழுபதடியில் தொட்டுவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படியில் பாசி இருந்தால் ஆள் விட்டுத் தேய்த்து வையுங்கள்.

உங்கள் பேரன்