பீருக்கு நற்சான்றிதழ் கொடுத்த ஞாயிறு இணைப்பு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஏற்காடு கோடை விழாப் பக்கங்களைப் பார்த்தேன். படங்கள் அழகு. அதன் ஓரத்தில் கட்டம் கட்டி ஒரு துணுக்கு: ‘பீர் மற்ற மதுவைப் போல அல்ல, அதில் உள்ள ஹாப்ஸ் பல்லைக் காக்கும்.’ ஹாப்ஸ் என்பது கசப்புக்காகப் பீரில் சேர்க்கும் ஒரு கொடியின் பூ. எழுதியவர் பெயர் போடவில்லை. புத்திசாலி.

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது 1937-ல் நம் சேலம் மாவட்டத்தில்தான் என்று காந்தி ஜெயந்தி தவறாமல் எழுதுவது உங்கள் பத்திரிகை. அதே பத்திரிகை கோடை விழாவுக்குப் பீரைப் பல்பொடி ஆக்குகிறது. மலைக்குப் போகிறவர்களுக்கு வேறு என்ன யோசனை சொல்வது, பாவம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் பல் செட்டும், பல்லின் மேல் மாட்டும் கேப்பும் செய்வது என் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் மாவு ஊற்றி அச்சு எடுப்பேன். மேல் முன்பற்களின் உள்பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தால், பெரும்பாலும் அடிக்கடி வயிற்று அமிலம் வாய்க்கு வந்து போன ஆள். புளித்த ஏப்பக்காரராகவும் இருக்கலாம், குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறவராகவும் இருக்கலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சனி, ஞாயிறு சாயங்காலம் வண்டியை ஓரம் கட்டிக் குனிந்து நிற்கிறவர்களை உங்கள் நிருபரும் பார்த்திருப்பார்.

ஹாப்ஸ் கதைக்கு வருகிறேன். ஹாப்ஸிலிருந்து பிரித்தெடுத்த சில பொருள்கள் சொத்தைக் கிருமியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். அது பிரித்தெடுத்த சாறு. 650 மில்லி பாட்டிலைக் கவிழ்த்துச் செய்த சோதனை அல்ல. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு குறையக் குறைய அமிலம் அதிகம். பீரின் பி.எச். அளவு ஏறக்குறைய 4 முதல் 4.5 வரை. 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேல்உறையான எனாமல் கரையத் தொடங்கும் என்பது பல் மருத்துவம் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே மடக்கில் குடித்து முடித்தாலாவது எச்சில் வந்து கொஞ்ச நேரத்தில் சரிக்கட்டும். யார் அப்படிக் குடிக்கிறார்கள்? மிக்சரையும் சிப்ஸையும் கொறித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உறிஞ்சினால் எச்சில் எப்போதுதான் வேலை செய்யும்? மதுவே வாயை உலர்த்திவிடும். அப்புறம் வாய்கூடக் கொப்பளிக்காமல் படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் எச்சில் இன்னும் குறையும். விஸ்கியில் கோலா கலந்து குடிப்பது இதைவிட மோசம் என்று உங்கள் துணுக்குக்காரர் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லையே.

இதையெல்லாம்விட எனக்கு அதிக வேலை கொண்டுவருவது பாட்டில் மூடிதான். லீ பஜாரில் மூட்டை தூக்கும் தம்பி ஒருவன் கேப்புக்கு ஷேடு, அதாவது பல்லின் நிறம், பார்க்க வந்தான். முன்பல் பாதி இல்லை. அடிவாரத்தில் நண்பர்கள் முன்னால் பல்லால் பாட்டில் திறந்தானாம். “எப்பவும் திறக்கிறதுதான் அக்கா” என்றான். எனாமலில் விழுந்த கீறல் மறுபடி ஒட்டாது, ஒரு நாள் மொத்தமாக உடையும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் 10 ரூபாய் கிடைக்கிறது. மூடியோடு போன பல்லுக்கு அவன் கடன் வாங்கிவந்து நின்றான்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். நான் ஓமலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பார்கள். நாங்கள் அளந்தா குடித்தோம்? குழந்தையில் பல் உருவாகும்போதே பழுப்புக் கறை ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. சில வருடங்களுக்கு முன் உங்கள் பத்திரிகை எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வாய் திறக்க வைத்துப் படம் எடுத்து, கிராமத்தில் பல் துலக்கும் பழக்கம் இல்லை என்று எழுதியது. விளக்கிக் கடிதம் போட்டேன், வரவில்லை. பதிவுத் தபாலில் மறுபடி போட்டேன், கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை மட்டும் திரும்பி வந்தது. இன்றும் ஆள் முன்னால் சிரிக்க நேர்ந்தால் என் கை வாய்க்குத்தான் போகும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவர்களுக்கு உங்களிடம் வசவு, பீர் குடிப்பவர்களுக்குச் சமாதானம். நல்ல நியாயம் ஐயா.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் மூன்று வரி போடுங்கள். பாட்டிலைப் பல்லால் திறக்க வேண்டாம். குடித்ததும் தண்ணீரால் கொப்பளிக்கவும். உடனே பிரஷ்ஷை எடுக்காமல் அரை மணி நேரமாவது பொறுத்து, துலக்கிவிட்டுப் படுக்கவும். அமிலத்தில் இளகிய பல்லை அப்போதே தேய்த்தால் இன்னும் தேயும் என்பதால் சொல்கிறேன். கட்டத்துக்கு இடம் இல்லை என்றால், பீர் கம்பெனி பெயரில் சோடா விளம்பரம் வருகிறதே, அதற்குக் கீழே போட்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
பல் செட் செய்யும் வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.