அப்பாவுக்கு, என்கூட வேலை பார்க்கிறவர்களைப் பற்றி

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பணம் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். முழங்கால் வலி மாத்திரையை அம்மா பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கூட வேலை பார்க்கிற ஆளுங்க எப்படிடா?" என்று போனில் கேட்டீர்கள். அவர்கள் எல்லாம் பக்கத்திலேயே இருந்ததால், "நல்லா இருக்காங்கப்பா" என்று முடித்துக்கொண்டேன். இன்று லீவு, நிதானமாக எழுதுகிறேன்.

நாங்கள் கிரேனில் சாமான் தூக்குகிற செட். சூப்பர்வைசர் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன். கிரேன் ஓட்டுபவர் மலேசியச் சீனர், ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறார். சிக்னல்மேன் பங்களாதேஷ்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் ரிக்கர். கம்பிக் கட்டுக்கு சிலிங் என்கிற தூக்குப் பட்டையைப் போட்டு, அதை ஷேக்கிள் என்கிற இரும்பு வளையத்தால் மாட்டிவிடுவது என் வேலை. மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குப் பல நேரம் சுமை கண்ணுக்கே தெரியாது. வாக்கிடாக்கியில் பாய் சொல்வதை நம்பித்தான் தூக்குவார், இறக்குவார். சுமைக்குப் பக்கத்தில் நிற்பது நான். அதனால் இன்றைக்கு யார் எந்த மனநிலையில் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது எங்களுக்கு வேலையிலேயே சேர்த்திதான் அப்பா.

தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். என்ன வேலை, எங்கே ஆபத்து என்று சொல்லிவிட்டு, "யாருக்காவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? எல்லோரும் ஓகே ஓகே என்போம். எங்கள் அண்ணன் அதோடு விடமாட்டார். மீட்டிங் முடிந்து ஹெல்மெட், பெல்ட் மாட்டுகிற நேரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாக வந்து நின்று பேசுவார். தூங்கினாயா, வீட்டில் என்ன சேதி, அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

போன மாதம் அப்படித்தான். பாய் எப்போதும் சத்தமாக, சுமை தரையைத் தொடும்வரை விடாமல் சிக்னல் சொல்லிக்கொண்டே இருப்பவர். அன்றைக்கு முதல் லிஃப்டிலேயே நடுநடுவே குரல் நின்று நின்று வந்தது. மேலே இருந்த ஆபரேட்டர் சுமையை அப்படியே நிறுத்திவிட்டார். பத்திரமாக இறக்கியதும், "பாயை என்னவென்று கேளுங்கள்" என்று அவரே அண்ணனிடம் ரேடியோவில் சொன்னார். பாயின் அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மனுஷன் தூங்கவே இல்லை. அண்ணன் திட்டவில்லை. இன்னொரு சிக்னல்மேனை வரவழைத்துவிட்டு, பாயை நிழலில் உட்காரவைத்து வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். அம்மா கண் விழித்துவிட்டார் என்று மத்தியானம் சேதி வந்தது. அப்புறம்தான் பாய் சாப்பிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

இங்கே வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கிற மீட்டர் 32 டிகிரியைத் தொட்டால், வெயிலில் கடுமையான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். நல்ல விதி. ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்தவன் யார் என்று மீட்டர் சொல்லாது. அறந்தாங்கியிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். கேட்டரிங் சாப்பாடு பிடிக்காமல் அப்படியே வைத்துவிடுவான். இப்போது எங்களோடு உட்காரவைத்துத்தான் சாப்பிடவைக்கிறோம். உடம்பு இந்த ஊருக்குப் பழகும்வரை கனமான வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார் அண்ணன்.

நோன்பு மாதத்தில் பாயின் மத்தியான வேலையில் பாதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம், யாரும் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. தீபாவளிக்கு என்கூட நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற சிராங்கூன் ரோட்டுக்கு வந்து, அந்தக் கூட்டத்தில் எனக்காக வரிசையில் நின்று ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர் அவர். 2020இல் கொரோனா சமயத்தில் நாங்கள் தங்கும் டார்மை, அதாவது தொழிலாளர் விடுதியை, அடைத்துவைத்திருந்தார்களே, அப்போது மலேசியா எல்லையும் மூடிவிட்டது. ஆபரேட்டர் குடும்பத்தைப் பார்க்க முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த நிலைமையிலும் தினமும் எங்களுக்கு வீடியோ கால் போட்டு, "சாப்பாடு வந்ததா? யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் அப்பா.

இந்த சைட் இன்னும் கொஞ்ச நாளில் முடிகிறது. எங்கள் செட்டைப் பிரிக்காமல் அடுத்த சைட்டுக்கு அனுப்பச் சொல்லி அண்ணன் ஆபீசில் கேட்டிருக்கிறார். நடந்தால் சந்தோஷம்.

புதுப் பையனுக்கும் வேறொரு ரிக்கருக்கும் ஒத்துப்போகவில்லை, தினமும் ஒரு முறைப்பு. நீங்கள் அத்தனை வருஷம் கொத்தனார், சித்தாள் எல்லோரையும் ஒன்றாக வைத்து வேலை வாங்கியவர். இப்படி இரண்டு பேர் முட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? போனில் வேண்டாம், விவரமாக எழுதுங்கள். அண்ணனிடமும் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்