ஊர்க் கார்னிவல், ஊர்வலக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், வெயிலிலும் தூசியிலும் வேலைக்கு வந்து நின்ற தன்னார்வலர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கார்னிவலும் ஊர்வலமும் யாருக்கும் பெரிய காயமில்லாமல் நடந்து முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கையில் வேலை எப்படி நடந்தது, எங்கே இடறியது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஊர்வலம் நடுவழியில் நின்றுபோனதைப் பற்றித்தான் உறுப்பினர்கள் அதிகம் கேட்கிறார்கள். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

ஊர்வலம் ஏன் நின்றது

மக்கள் பார்த்தது நடுத்தெருவில் நின்ற ஊர்வலத்தை. ஆனால் கோளாறு அங்கே இல்லை, ஊர்வலம் முடிந்து அணிகள் பிரிந்துபோகும் கலையுமிடத்தில் இருந்தது. முன்னால் போன அலங்கார ஊர்தி கலையுமிடத்து வாசலுக்குள் நுழைந்த உடனேயே ஏணி போட்டுப் பிள்ளைகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டிப்போக வந்த பெற்றோரும் அதே வாசலில் குவிந்தார்கள். பின்னால் வந்த ஊர்தி தெருவிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அதன் பின்னால் வந்த பேண்டு, அதன் பின்னால் வந்த நடனக் குழு என்று நிற்பது அலை அலையாகப் பின்னோக்கிப் போனது.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். நாற்பது அணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணியின் நீளம் சராசரியாக 15 மீட்டர், அணிக்கு அணி இடைவெளி 10 மீட்டர் என்றால் ஊர்வலத்தின் நீளம் 1 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 50 மீட்டர் நடந்தால் முழு ஊர்வலமும் ஓர் இடத்தைக் கடக்க 20 நிமிடம் ஆகும். அப்படியானால் கலையுமிடத்து வாசலுக்கு 30 விநாடிக்கு ஓர் அணி வந்து சேர்கிறது. ஓர் ஊர்தியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏணி வழியாகப் பத்திரமாக இறக்க நாலைந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் எட்டுப் பத்து அணிகள் வந்து முட்டிக்கொள்ளும். இதில் யார் மீதும் குறை சொல்ல இடமில்லை. புறப்படும் இடத்துக்கு இருபது பேரைப் போட்டுவிட்டு, முடியும் இடத்துக்கு மூன்று பேரை மட்டும் அனுப்பியது குழுவின் திட்டத்தில் இருந்த தவறு.

அடுத்த ஆண்டு கலையுமிடத்துக்கும் புறப்படும் இடத்துக்குச் சமமான ஆள் வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு இடப்பக்க வழி, ஊர்திகளுக்கு வலப்பக்க வழி என்று வாசலிலேயே கயிறு கட்டிப் பிரித்துவிட வேண்டும். முதல் ஊர்தி மைதானத்தின் கடைசி மூலை வரை போய் நின்ற பிறகுதான் ஏணி இறங்க வேண்டும். பெற்றோர் காத்திருக்கும் இடம் வாசலிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அது எங்கே என்பதைப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். மைதானம் கொள்ளுமா என்பதை நாடா பிடித்து அளந்தே முடிவு செய்ய வேண்டும். ட்ராக்டரோடு சேர்த்து ஓர் ஊர்திக்கு 20 மீட்டர் வீதம் பன்னிரண்டு ஊர்திக்கு 240 மீட்டர் வரிசை வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும்.

ஊர்வலத்தில் விழுந்த நீண்ட இடைவெளி வேறு காரணத்தால் வந்தது. ஒரு குழு மேடைக்கு முன் ஒரு நிமிடம் நின்று ஆடினால் முன்னால் போகிறவர்கள் 50 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறார்கள். அந்த 50 மீட்டரை மூட, பின்னால் இருப்பவர்கள் நிமிடத்துக்கு 70 மீட்டர் வேகத்தில் இரண்டரை நிமிடம் விடாமல் நடக்க வேண்டும். பெரியவர்களால் முடியும், பொம்மைத் தலை மாட்டிய ஏழு வயதுக் குழந்தையால் முடியாது. ஆகவே ஆட்டம் எதுவானாலும் நடந்துகொண்டேதான். நின்று ஆட விரும்பும் குழுக்களுக்குக் கார்னிவல் மைதானத்தில் மேடை நேரம் ஒதுக்கலாம்.

வரிசை அமைப்பதிலும் வேகத்தைப் பார்க்க வேண்டும். பேண்டு வாத்தியக்காரர்கள் நிமிடத்துக்கு 120 அடி வைத்து, அடிக்கு 60 சென்டிமீட்டர் நடந்தாலே 72 மீட்டர் ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் பேண்டை விட்டால் முட்டிக்கொண்டே வருவார்கள், முன்னால் விட்டால் விட்டுவிட்டுப் போவார்கள். மிக மெதுவான அணியை முன்னணியில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்து, ஊர்வலம் முழுவதும் அதன் வேகத்துக்கே நடப்பதுதான் சரியான வழி. தலைமை நடையை எடுத்துச் செல்பவர் ஒருவரே. அவர் காதில் வாக்கி-டாக்கி இருக்க வேண்டும், பார்வை அடிக்கடி பின்னால் போக வேண்டும். இரண்டு பேண்டுகளுக்கு இடையே குறைந்தது நான்கு அணிகள் இருந்தால் ஒன்றின் தாளம் மற்றதைக் குழப்பாது. குதிரைகள் கடைசியில், சாணம் அள்ளுபவர்கள் அவற்றுக்கும் பின்னால்.

புறப்படும் இடத்தில் அணி எண்களைத் தரையில் சாக்கட்டியால் எழுதியிருந்தோம். இரவு பெய்த தூறலில் பாதி எண்கள் அழிந்துவிட்டன. விடியற்காலையில் மீண்டும் எழுத வேண்டியதாகி முக்கால் மணி நேரம் வீணானது. இனி எண்ணை அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பத்தில் கட்டுவோம்.

ஆம்புலன்ஸ் குறுக்கே போக வேண்டிய நிலை வந்தால் எங்கே ஊர்வலத்தை வெட்டுவது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்தது பயன் தந்தது. வழியில் மூன்று வெட்டுமிடங்கள். அ, ஆ, இ என்று பெயர். "ஆ வெட்டு" என்று வாக்கி-டாக்கியில் சொன்னால் போதும். அங்கே நிற்பவர் கையைத் தூக்கி அடுத்த அணியை நிறுத்துவார், தடுப்பைத் திறப்பார். தெருப் பெயரெல்லாம் சொல்லி விளக்க நேரம் இருக்காது. இதைத் தொடர வேண்டும். பேண்டுக்கு அருகில் நிற்பவருக்கு மட்டும் காதுக்குள் மாட்டும் கருவி கட்டாயம். இந்த முறை இரண்டு அழைப்புகள் முரசுச் சத்தத்தில் காதில் விழவே இல்லை.

அலங்கார ஊர்திகள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊர்வலத்தில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது ஊர்தியின் சக்கரத்தில்தான் இருக்கிறது.

பக்கவாட்டில் கட்டும் துணி, சக்கரத்தை ஓட்டுநர் கண்ணிலிருந்தும் மக்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகிறது. ஆகவே ட்ரெய்லரின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. கொடி பிடிக்கவோ துண்டுச்சீட்டு கொடுக்கவோ கூடாது. ஊர்தி மேலிருந்து மிட்டாய், பூ, பொம்மை எதையும் வீசக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். வீசியது சக்கரத்தருகே விழும், குழந்தை குனிந்து எடுக்க ஓடும், அந்த நொடியில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. கொடுக்க விரும்புகிறவர்கள் ஓரமாக நடந்துபோய்க் கையில் கொடுக்கட்டும்.

திருப்பத்தில் ட்ரெய்லரின் பின்சக்கரம் முன்னால் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீளம் கூடக்கூட வெட்டும் கூடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறும் ஆளும் உள்மூலையில் வேண்டும். நாம் இதுவரை கூட்டம் அதிகம் நிற்கும் வெளிமூலைக்கே ஆள் போட்டு வந்திருக்கிறோம்.

உயரத்தை வரைபடத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். பொம்மையெல்லாம் ஏற்றி, ஆளும் நின்ற பிறகு அளக்க வேண்டும். அளவெடுத்த உயரத்துக்குக் காய்ந்த மூங்கில் ஒன்றைத் தயார் செய்து, வழி முழுவதும் ஒருவர் அதைப் பிடித்து நடந்து பார்த்தால் எந்தக் கிளை, எந்தத் தோரணம் இடிக்கும் என்று தெரிந்துவிடும். மின்கம்பிக்கு அருகில் மட்டும் மூங்கிலையும் கொண்டுபோகக் கூடாது. அந்த உயரத்தை மின்துறையிடமே கேட்டு வாங்க வேண்டும். சாலையின் ஓரச்சரிவையும் மறக்கக்கூடாது. நூற்றுக்கு இரண்டரை சரிவுள்ள ஓரத்தில் போகும் 4 மீட்டர் உயர ஊர்தியின் உச்சி 10 சென்டிமீட்டர் ஓரமாகச் சாய்கிறது. இந்த முறை ஓர் ஊர்தி மரக்கிளையில் மாட்டியதும் அப்படிச் சாய்ந்துதான்.

ட்ராக்டரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் இரும்பு முளையில் (பின்) கொண்டை ஊசி போன்ற கிளிப் ஒன்று உண்டு. சோதனையின்போது ஓர் ஊர்தியில் அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பி பார்ப்பதற்கு இறுக்கமாக இருந்தது. விரலால் இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. மேடு பள்ளத்தில் அந்த முளை துள்ளித் துள்ளி மேலேறும்போது அதைப் பிடித்து வைப்பது அந்தக் கிளிப் மட்டுமே. இனி சோதனைக் குழுவின் பையில் நான்கு அளவுக் கிளிப்புகள் இருக்கும். இல்லாத ஊர்திக்கு அங்கேயே மாட்டிவிடலாம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எல்லா ஊர்தியிலும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மாட்டியிருந்தார்கள், சோதனைப் பொத்தானை அழுத்தினால் எல்லாமே ட்ரிப் ஆயின. அது மட்டும் போதாது. அந்தப் பொத்தான் ஆர்சிசிபிக்கு உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கித்தான் பார்க்கிறது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல், ஜெனரேட்டரின் உலோக உடம்போடு இணைக்கப்பட்டிருக்காது. அப்படிப்பட்டதில் உண்மையான கசிவு வந்தால் அது ஜெனரேட்டருக்குத் திரும்ப வழி இருக்காது, ஆகவே ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது. முதல் கோளாறு யாருக்கும் தெரியாமல் கிடக்கும்; இரண்டாவது கோளாறு சேரும்போதுதான் ஆளை அடிக்கும். எந்த ஜெனரேட்டர் எந்த வகை, அதன் கையேடு எந்த இணைப்பை அனுமதிக்கிறது, ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு எர்த் சேர்ந்திருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஊர்தி ஊர்தியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதோடு, துணியால் மூடிய பெட்டிக்குள் ஜெனரேட்டரை வைக்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, மேலே நிற்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும்போதுதான் தெரியும். எரிபொருள் ஊற்றுவது நிறுத்தி ஆறிய பிறகே.

காகிதக் கூழ் பொம்மைகளில் ஒன்றின் கழுத்து வழியிலேயே தொய்ந்தது. இத்தாலியின் வியாரெஜ்ஜோ ஊரில் 1873 முதல் கார்னிவல் ஊர்வலம் நடக்கிறது. அங்கே களிமண்ணில் உருவம் செய்து, பிளாஸ்டர் அச்செடுத்து, அச்சுக்குள் காகிதப் பட்டைகளை ஒட்டி உள்ளீடற்ற பொம்மை செய்கிறார்கள். மிகப் பெரிய உருவமும் எடை குறைவாக இருக்கும். நம் அலங்காரக் குழு கையாண்டதும் அதே முறைதான், முறையில் பிழை இல்லை. உள்படலம் காயும் முன் வெளியே பெயிண்ட் அடித்ததால் ஈரம் உள்ளேயே அடைபட்டது. தொட்டுப் பார்த்தால் இது தெரியாது. தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு காலைகளில் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது, இன்னும் குறைந்துகொண்டே வந்தால் ஈரம் போகிறது என்று அர்த்தம். துணிகளுக்குப் பூசும் தீத்தடுப்புக் கரைசல் மழையில் கழுவிப் போய்விடும் என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மைதானம்

காற்றடைத்த விளையாட்டுக் கூடாரங்களை, காற்று வலுத்ததால் மதியம் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்ததற்குப் பிள்ளைகள் வருந்தினார்கள், சில பெற்றோர் கோபித்தார்கள். நிறுத்தியது சரியே. ஐரோப்பியத் தரவிதி இவற்றுக்கு மணிக்கு 38 கிலோமீட்டர் காற்றை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. இலை நிறைந்த சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் காற்று ஏறக்குறைய அந்த வேகம். ஆனால் கண்ணை நம்பாமல் காற்றளவி ஒன்று வாங்கி, அரை மணிக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். நங்கூர வளையம் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கட்ட வேண்டும்.

பெரிய ஹீலியம் பலூன் உருவங்கள் வேண்டும் என்ற கோரிக்கையைக் குழு ஏற்கவில்லை. நியூயார்க்கில் 1997-ல் பலத்த காற்றில் ஒரு பலூன் விளக்குக் கம்பத்தில் மோதிப் பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். அதன்பின் அங்கே மணிக்கு 37 கிலோமீட்டர் தொடர்காற்றோ 55 கிலோமீட்டர் வீச்சோ இருந்தால் பறக்கவிடுவதில்லை. பயிற்சி பெற்ற கயிறு பிடிப்பவர்கள் நம்மிடம் இல்லை.

காணாமல்போன பிள்ளைகள் அனைவரும் அரை மணி நேரத்துக்குள் பெற்றோரிடம் சேர்ந்தார்கள். குழந்தையின் பெயரையோ உடை நிறத்தையோ ஒலிபெருக்கியில் சொல்லக்கூடாது என்பதையும், குழந்தையோடு எப்போதும் இரண்டு தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்பதையும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அவர்களுக்குக் குழுவின் நன்றி. உண்டியல்களும் முத்திரையோடு வந்து, இரண்டு பேர் முன்னிலையில் எண்ணப்பட்டன. குப்பைத் தொட்டிகள் போதவில்லை.

ஆட்கள்

காலை ஐந்து மணிக்குத் தடுப்பு வைக்க வந்தவர்களே மாலை ஏழு மணிக்கு அதை எடுத்தார்கள். பதினான்கு மணி நேரம். மாலையில் வண்டியில் ஏற்றும்போது ஒருவர் விரல் நசுங்கியது, நல்லவேளை எலும்பு முறியவில்லை. களைத்த கையால் இரும்புத் தடுப்பைத் தூக்க வைத்தது நிர்வாகத்தின் பிழை. அவரிடம் குழு சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம், எடுக்கும் குழு வேறு வைக்கும் குழு வேறு, இடையே நிழலும் தண்ணீரும் உட்கார நாற்காலியும்.

வழித்தட வரைபடம், தடுப்பு எண்ணிக்கை, அனுமதிக் கடிதங்களின் நகல், விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள்கள் எல்லாம் இத்தனை நாளும் ஒரே உறுப்பினரின் நினைவில் இருந்தன. இப்போது அவை ஒரு கோப்பில் எழுதப்பட்டுவிட்டன. இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று தலைவரிடம் இருக்கும்.

நிரப்ப வேண்டிய பொறுப்புகள் நான்கு: கலையுமிடப் பொறுப்பாளர், ஊர்திச் சோதனைக் குழுவுக்கு இருவர், வாக்கி-டாக்கி பொறுப்பாளர். கலையுமிடப் பொறுப்பாளர் இன்றே தேர்வாக வேண்டும். மைதானத்தை அளக்கும் வேலை அவர் வந்த பிறகுதான் தொடங்க முடியும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்