வெள்ளி ஜெபக்கூட்டம்: எரேமியா 29

அன்பான சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம்.

வெள்ளி மாலை 7 மணிக்கு வழக்கமான வீட்டில் கூடுகிறோம். எரேமியா 29-ஆம் அதிகாரம் வாசித்துவிட்டு வாருங்கள். கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்கிற 11-ஆம் வசனம் நம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருவது. விடுதலைக்கு 70 வருஷம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம்! அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி.

போன மாதம் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னைத் தாங்கியது இந்தப் பகுதிதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்காகவும் ஜெபிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் தெருவில் யாருக்காக ஜெபிக்க வேண்டுமென்று குறித்துக்கொண்டு வாருங்கள். பாட்டுப் புத்தகமும் கொண்டு வாருங்கள்.